காரைக்குடி பழைய நகருக்குள் பழைய அடுக்குமாடி வீடு வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2019இல் நானும் என் கணவரும் செக்காலைப் பகுதியில் இரண்டாம் மாடி வீடு ஒன்றை வாங்கினோம். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், தெருவைப் பார்த்த சிறிய பால்கனி. கட்டிடத்துக்கு அப்போதே 24 வயது. அன்று முதல் உறவினர்களும் உடன் வேலை பார்ப்பவர்களும் அவர்கள் அனுப்பிவைக்கும் புதியவர்களும் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பள்ளி ஆசிரியை. வழக்கறிஞருக்கும் பொறியாளருக்கும் கட்டணம் கொடுத்துக் கேட்டறிந்ததும், ஒருமுறை முன்பணத்தைக் கொடுத்துவிட்டுப் பதினொரு மாதம் அலைந்து கற்றதும் இதில் இருக்கின்றன.

அரண்மனை மாதிரி வீடுகள் பூட்டிக் கிடக்கிற ஊரில் அடுக்குமாடி வீடு எதற்கு?

பூட்டிக் கிடப்பதால்தான். அந்த வீடுகள் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. ஒரு வீட்டில் எட்டுப் பங்கு, பன்னிரண்டு பங்கு இருக்கும். பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே மற்றவர்களுக்குத் தெரியாது. எல்லோரும் கையெழுத்திட்டால்தான் விற்க முடியும். எல்லோரும் பணம் போட்டால்தான் ஓடு மாற்ற முடியும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீட்டைக் கூட்டிப் பெருக்கவே ஆள் வேண்டும். மாதச் சம்பளக் குடும்பத்துக்கு அது ஆகாது.

ஆனாலும் அந்த வீடுகளை நினைவில் வைத்துக்கொண்டே அடுக்குமாடி வீடு பார்க்கப் போங்கள் என்பேன். அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (செட்டியார்) குடும்பங்களில் மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைப்பது' வழக்கம். ஒரே கூரைக்குள் அந்தத் தம்பதி தனிப் புள்ளியாகிவிடுவார்கள், அதாவது தனிக் குடும்பமாகக் கணக்கில் வருவார்கள். அவர்களுக்குத் தனி அறை, தனி அடுப்பு. வளவும் (நடு முற்றம்) பட்டாலையும் (அதை ஒட்டிய உயர்ந்த திண்ணை) கிணறும் மட்டும் எல்லோருக்கும் பொது. அடுக்குமாடி வீட்டின் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: நான்கு சுவருக்குள் இருப்பது உங்களுடையது, அதற்கு வெளியே இருக்கும் எல்லாவற்றிலும் உங்களுக்குப் பங்கு மட்டும்தான். நீங்கள் வாங்குவது ஒரு பங்கு. கூடவே பங்காளிகளும் வருகிறார்கள். தரையின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்தவர்கள் ஏமாந்து நான் கண்டதில்லை.

பழைய நகரம் என்றால் எந்தெந்தப் பகுதி? ஏன் அங்கே விலை குறைவு?

கொப்புடைய நாயகி அம்மன் கோயிலைச் சுற்றிய தெருக்கள், கல்லுக்கட்டி, செக்காலை, முத்துப்பட்டினம், மீனாட்சிபுரம், சுப்பிரமணியபுரம் ஆகியவற்றைத்தான் நாங்கள் 'டவுனுக்குள்' என்போம். பல்கலைக்கழகத்தையும் நூறடிச் சாலையையும் ஒட்டி வளர்ந்த பகுதிகள் பின்னால் வந்தவை. புது வீடு தேடுகிறவர்கள் அங்கே போகிறார்கள்.

டவுனுக்குள் விலை குறைவதற்குக் காரணம் கட்டிடத்தின் வயது. லிஃப்ட் கிடையாது, கார் நிறுத்த இடம் கிடையாது, படிக்கட்டு குறுகல், தெருவும் குறுகல். மாசி – பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா நடக்கும்போது மீனாட்சிபுரம் பக்கம் பால்குடக் கூட்டத்தில் இருசக்கர வண்டியைக்கூட நகர்த்த முடியாது. காரை வாசலில் நிறுத்தியே தீரவேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பகுதி வேண்டாம். காய்கறி, மருந்துக்கடை, பள்ளி, கோயில் எல்லாவற்றுக்கும் நடந்தே போய்வர விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை. என் மாமியார் 74 வயதில் தனியாகப் போய்க் கீரை வாங்கி வருகிறார். புறநகர்ப் புது வீட்டில் அவருக்கு இது வாய்த்திருக்காது.

தரகர் 'பிளாட்' என்கிறார். மனையா, வீடா?

இரண்டையும் அவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். தொலைபேசியிலேயே 'காலி மனையா, மாடி வீடா' என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழனிவாசல் பக்கம் காலி மனைகளைப் பார்த்துத் திரும்பினோம்.

யூடிஎஸ் என்கிறார்களே, அது என்ன?

நிலத்தில் உங்களுக்குள்ள பிரிபடாத பாகம். பழைய கட்டிடத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான எண் வேறில்லை. கட்டிடத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேயும், நிலத்தின் மதிப்பு தேயாது. நாளைக்குக் கட்டிடத்தை இடித்தால் உங்கள் கையில் மிஞ்சுவது அந்தப் பாகம்தான்.

கணக்கு எளிது. மனை 6,000 சதுர அடி. அதில் 800 சதுர அடி வீடுகள் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். வீடுகளின் மொத்தப் பரப்பு 9,600. உங்கள் பங்கு 800ஐ 9,600ஆல் வகுத்து, 6,000ஆல் பெருக்கினால் 500 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஆகவே ஒரு சென்டுக்குச் சற்று மேல். பத்திரத்தில் 500 என்று இருந்தால் சரி. 320 என்று இருந்தால் மிச்சம் யாரிடம் இருக்கிறது என்று கேட்கவேண்டும். கட்டியவர் பின்னால் ஒரு மாடி எழுப்பும் எண்ணத்தில் கொஞ்சம் பாகத்தைத் தன் பெயரிலேயே வைத்திருப்பதுண்டு. மொட்டைமாடி உரிமையையும் எழுதி வைத்துக்கொள்வதுண்டு.

எங்கள் கை சுட்டது இங்கேதான். முதலில் நாங்கள் பேசி முடித்தது வேறொரு வீடு. விலை மனத்துக்குப் பிடித்திருந்தது, விற்பவர் அவசரப்படுத்தினார், 50,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்துவிட்டோம். பிறகு வழக்கறிஞர் அந்தக் கட்டிடத்தின் எல்லா வீடுகளுக்கும் பத்திர நகல் எடுத்துக் கூட்டிப் பார்த்தார். விற்ற பாகங்களின் கூட்டுத்தொகை மனையின் பரப்பைவிட அதிகமாக இருந்தது. இல்லாத நிலத்தை யாரோ ஒருவருக்கு விற்றிருக்கிறார்கள். அந்த ஒருவர் யார் என்று தீர்ப்பு வந்தால்தான் தெரியும். பணம் திரும்பி வரப் பதினொரு மாதம் ஆனது. கையில் ரசீதும் இல்லை. அசையாச் சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டோம். முன்பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள். கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம்.

என்னென்ன பத்திரங்களைப் பார்க்கவேண்டும்?

விற்பவரின் கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்), பட்டா, கட்டிட அனுமதியும் வரைபடமும், சொத்துவரி ரசீது, மின் கட்டண ரசீது. இதை எந்த வழக்கறிஞரும் சொல்வார். எங்கள் பகுதிக்கே உரிய சில சிக்கல்களை மட்டும் விரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, மனை வந்த வழி. டவுனுக்குள் இருக்கும் பல அடுக்குமாடிகள் பழைய வீடோ தோட்டமோ இருந்த இடத்தில் எழுந்தவை. அந்தப் பழைய வீட்டுக்கு எத்தனை பங்காளிகள் இருந்தார்கள், பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறதா, எல்லாப் பங்குகளும் கட்டியவருக்கு வந்து சேர்ந்தனவா என்பதைப் படித்துப் படித்துச் சரிபார்க்கவேண்டும். பெண்மக்களின் கையெழுத்தைத் தனியாகத் தேடுங்கள். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தமும் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு தந்துவிட்டன. 'கல்யாணத்தில் சீர் செய்தாகிவிட்டது' என்று அவர்களை விட்டுவிட்டு எழுதிய பத்திரங்கள் இன்னும் வழக்கில் இழுபடுகின்றன. தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் எழுதிய விடுதலைப் பத்திரம் இருந்தால் சரி. 'அவர்களுக்குத் தெரியும்' என்ற வாய்ச்சொல் போதாது.

இரண்டாவது, கோயில் நிலம். அறநிலையச் சட்டப்படி கோயில் சொத்தை ஆணையரின் அனுமதி இல்லாமல் விற்க முடியாது. மேலே இருக்கும் வீட்டுக்கு வரி ரசீதும் மின் இணைப்பும் ஒழுங்காக இருக்கலாம். கீழே இருக்கும் மண் ஒரு கோயிலுடையதாகவோ அறக்கட்டளையுடையதாகவோ இருக்கலாம். மனை வாடகை கட்டும் பழக்கம் அந்தக் கட்டிடத்தில் உண்டா என்று குடியிருப்பவர்களிடமே கேளுங்கள். உண்டு என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

மூன்றாவது, எண்கள். பழைய பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும். நகர நில அளவைப் பதிவேட்டில் வார்டு, பிளாக், புதிய எண் என்று இருக்கும். இரண்டும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றனவா என்று வரைபடத்தோடு ஒப்பிடவேண்டும். காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகிவிட்டது. புது ரசீதில் வரும் பெயரும் எண்ணும் பழையவற்றிலிருந்து மாறியிருந்தால் பதறவேண்டாம். தொடர்பைக் காட்டும் பழைய ரசீதுகளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

நான்காவது, ஒத்தி. இதை வெளியூர்க்காரர்கள் தவறவிட்டுவிடுகிறார்கள். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது இந்தப் பக்கம் சாதாரணம். வெறும் ஒப்பந்தத் தாளில் எழுதிக்கொண்டிருந்தால் வில்லங்கச் சான்றில் அது வராது. வீட்டுக்காரரோடு மட்டும் பேசாமல், குடியிருப்பவரிடம் 'வாடகையா, ஒத்தியா, எவ்வளவு, எதுவரை' என்று நேரில் கேளுங்கள். அவர் காலி செய்து சாவி கைக்கு வந்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

அசல் பத்திரங்களைக் கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பவேண்டாம். அசல் வங்கியில் இருக்கிறது என்றால் கடன் பாக்கிக் கடிதம் கேளுங்கள். கடன் தீர்ந்துவிட்டது என்றால் அதற்கான ரசீது ஆவணம் வில்லங்கச் சான்றில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: 1990களில் கட்டிய வீடுகளுக்குப் பெரும்பாலும் நிலத்தின் பாகத்தை மட்டும் பத்திரம் செய்து, கட்டிடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். 'பத்திரத்தில் வீடே இல்லையே' என்று அஞ்சவேண்டாம். அந்த ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பத்திரத்தில் பாகம், வீட்டு எண், மாடி, பரப்பு எல்லாம் சேர்ந்து வரவேண்டும்.

விற்பவர் சிங்கப்பூரில் இருக்கிறார். தம்பிக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறாராம்.

எங்கள் ஊரில் பாதி விற்பனை இப்படித்தான் நடக்கிறது, செய்யலாம். அதிகார ஆவணம் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்றிருக்கவேண்டும். இந்தியாவுக்கு வந்து மூன்று மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியிருக்கவேண்டும். விற்கும் அதிகாரமும் பணம் பெறும் அதிகாரமும் அதில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கவேண்டும். அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார், ரத்து செய்யவில்லை என்பதைக் காணொளி அழைப்பில் நேராகப் பேசியே உறுதி செய்துகொள்ளுங்கள். கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் முடிந்தது. பணத்தை அவருடைய கணக்குக்கே அனுப்புங்கள், தம்பியின் கணக்குக்கு வேண்டாம்.

'பவர் எழுதி வாங்கிக்கொள், பத்திரம் பிறகு பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதிகார ஆவணத்தால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

வரி விஷயம் ஒன்றும் உண்டு. உள்நாட்டில் வசிப்பவரிடம் வாங்கும்போது 50 லட்சத்துக்குக் கீழே என்றால் வரிப் பிடித்தம் கிடையாது. வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கினால் எந்த விலைக்கும் பிடித்தம் உண்டு, அதைச் செலுத்தும் பொறுப்பும் உங்களுடையது. விலை பேசும்போதே ஒரு பட்டயக் கணக்காளரைக் கலந்துகொள்ளுங்கள்.

பத்திரச் செலவு எவ்வளவு வரும்?

பழைய வீட்டுக்கு 9 சதவீதம்: முத்திரைத் தீர்வை 5, சொத்து மாற்று வரி 2, பதிவுக் கட்டணம் 2. கட்டியவரிடமிருந்து முதன்முறை வாங்கும் புது அடுக்குமாடி வீட்டுக்கு 50 லட்சம் வரை 6 சதவீதம்தான் என்று 2023 டிசம்பரில் ஒரு சலுகை வந்தது. அது மறுவிற்பனைக்குப் பொருந்தாது. பலர் குழம்பிப் போகிறார்கள். வீட்டின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண்ணின் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஒற்றைப் படுக்கையறை வீடு வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

விலையைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். எழுதவேண்டாம். நீங்கள் விற்கும் நாளில் அந்தக் குறைவு உங்கள் லாபமாகக் கணக்கிடப்பட்டு வரி வரும். வங்கிக் கடனும் எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும்.

பழைய கட்டிடத்துக்கு வங்கி கடன் தருமா?

தரும், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்குத் தராது. 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. அந்த மதிப்பை வங்கியின் மதிப்பீட்டாளர் போடுவார். நீங்கள் 22 லட்சத்துக்குப் பேசியிருக்கலாம். அவர் வயதைக் கழித்து 17 லட்சம் என்று எழுதுவார். அதில் 90 சதவீதம் 15 லட்சத்து 30 ஆயிரம். மீதி 6 லட்சத்து 70 ஆயிரமும், பதிவுச் செலவு 1 லட்சத்து 98 ஆயிரமும் உங்கள் கையிலிருந்து போகவேண்டும். பழுதுபார்க்கும் செலவு தனி. கட்டிடத்தின் மீதி ஆயுள் கடன் காலத்தைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும் என்றும் வங்கிகள் எதிர்பார்க்கின்றன. ஆகவே 20 ஆண்டுக் கடன் கேட்டால் 12 ஆண்டு என்பார்கள், மாதத் தவணை ஏறிவிடும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கியில் பேசிவிடுங்கள்.

கட்டிடம் உறுதியாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மழைக்காலத்தில் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் கட்டிடமே எல்லாவற்றையும் சொல்லிவிடும். கோடையில் வெள்ளையடித்துக் காட்டும் வீட்டில் எதுவும் தெரியாது.

உங்கள் வீட்டைப் பார்ப்பதற்கு முன் மொட்டைமாடிக்கும் படிக்கட்டின் அடிப்பக்கத்துக்கும் போங்கள். காங்கிரீட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரிகிறதா? தூணில் மேலிருந்து கீழாக நேர்க்கோட்டில் விரிசல் ஓடுகிறதா? உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் காங்கிரீட்டைத் தள்ளுகிறது என்று பொருள். இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும். அந்த அழுத்தத்தைக் காங்கிரீட் தாங்காது. பூச்சின் மேல் சிலந்தி வலை மாதிரி ஓடும் மெல்லிய கீறல்கள் அவ்வளவு மோசம் இல்லை. தூணிலும் உத்தரத்திலும் வரும் விரிசல்தான் ஆபத்து. கம்பி துருவேறுவதை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இதே ஊரில் 1953 முதல் இயங்கி வருகிறது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, ஒரு கட்டமைப்புப் பொறியாளருக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பார்க்கச் சொல்லாமல் பல லட்சத்தைக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வேதனையாக இருக்கிறது.

மொட்டைமாடியில் தட்டோடு பெயர்ந்திருந்தால் கடைசி மாடி வீட்டுக்குள் நீர் இறங்கும். குளியலறைக்கு நேர் கீழே உள்ள வீட்டுக்காரரின் கதவைத் தட்டி, 'மேலிருந்து ஒழுகுகிறதா' என்று கேளுங்கள். கேட்டால் உள்ளதைச் சொல்வார்கள். எங்கள் கீழ்வீட்டு ஆச்சி உள்ளே கூட்டிப்போய்க் கறையைக் காட்டினார். அந்தக் கறைக்காக விற்பவர் 40,000 ரூபாய் குறைத்தார். குளியலறையைத் தோண்டி நீர்க்காப்பு செய்ய ஏறக்குறைய அவ்வளவு ஆயிற்று.

மின்கம்பிகளை முழுவதும் மாற்றுவதற்கும் குழாய்களை மாற்றுவதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள். 30 வயதான இரும்புக் குழாயில் வரும் தண்ணீரே பழுப்பாக இருக்கும். வீட்டின் பரப்பை நீங்களே நாடா வைத்து அளந்துவிடுங்கள். பத்திரத்தில் 800 என்று இருப்பது படிக்கட்டுப் பங்கையும் சேர்த்து எழுதியதாக இருக்கலாம்.

தண்ணீர்?

காரைக்குடித் தண்ணீரின் சுவைக்கு இந்தப் பக்கத்தில் பெயர் உண்டு. சம்பை ஊற்றைப் பற்றிப் பெரியவர்கள் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் உங்கள் குழாயில் வருமா என்பது வேறு கேள்வி. கட்டிடத்துக்கு எத்தனை மாநகராட்சிக் குடிநீர் இணைப்பு, ஆழ்துளைக் கிணறு சித்திரையில் வற்றுகிறதா, தண்ணீர் லாரி வாங்கிய ஆண்டு உண்டா என்று கேளுங்கள். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டிடங்களுக்கும் கட்டாயம். குழாய் இறங்கியிருக்கும், குழி அடைந்து போயிருக்கும். மூடியைத் திறந்து பாருங்கள். வளவின் நான்கு பக்கக் கூரையிலிருந்தும் விழுகிற மழையை அண்டாவில் பிடித்த ஊர் இது. கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் சேர்க்கப்பட்டிருக்கிறதா, இன்னும் கழிவுநீர்த் தொட்டிதானா, கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

எந்த மாடி நல்லது?

லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் முதல் மாடி. கடைசி மாடி மலிவாகக் கிடைக்கும், ஆனால் எங்கள் ஊர் வெயிலில் இரவு பத்து மணிக்கும் கூரை தணியாது.

சங்கம் இல்லாத கட்டிடம் என்கிறார்கள். வாங்கலாமா?

என் முதல் பதிலில் பங்காளிகள் என்று சொன்னது இதற்காகத்தான். சங்கம் இல்லை என்றால் மோட்டார் பழுதானால் யார் பணம் போடுவது என்ற சண்டை மாதம் ஒருமுறை வரும். எட்டு வீடுகளில் மூன்று பேர் பராமரிப்புத் தொகை கொடுக்காத கட்டிடம் ஐந்தே ஆண்டில் பாழாகும். சாயங்கால வேளையில் போய் அரைமணி நேரம் நில்லுங்கள். படிக்கட்டில் விளக்கு எரிகிறதா, பொதுவிடம் பெருக்கியிருக்கிறதா, குடியிருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா என்று பாருங்கள். கணக்குப் புத்தகம் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் பாக்கி வைத்திருந்தால் பதிவுக்கு முன் தீர்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் கட்டிடத்திலும் சங்கம் இல்லாமல்தான் இருந்தது. வந்த இரண்டாம் ஆண்டில் நாங்கள் பதிவு செய்தோம். 10 வீடுகளுக்கு மிகாமல், 3 மாடிக்கு மிகாமல், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளின் பொது மின் இணைப்புக்கு 2023இல் அரசு கட்டணத்தைக் குறைத்தபோது, கூடிப் பேசி உடனே விண்ணப்பிக்க முடிந்தது அதனால்தான்.

கட்டிடம் இடிக்கும் நிலைக்கு வந்தால் நம் பணம் போய்விடுமா?

பாகம் சரியாக இருந்தால் போகாது. முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் மறுகட்டுமானம் நின்றுவிடும். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானம் செய்யலாம். பழைய கட்டிடம் வாங்குவதில் இருந்த பெரிய அச்சம் இதனால் குறைந்திருக்கிறது என்றே நம்புகிறேன். ஆனாலும் குறுகிய தெருவில் இருக்கும் மனையில் இன்றைய விதிப்படி எத்தனை மாடி எழுப்ப முடியும் என்று பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். இப்போது இருக்கிற பரப்பே திரும்பக் கிடைக்காத மனைகளும் உண்டு.

'சைவக் குடும்பத்துக்கு மட்டும்', 'எங்கள் ஆட்களுக்கு மட்டும்' என்கிறார்களே?

கேட்கும்போதெல்லாம் மனம் கொதிக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு மூன்று கட்டிடங்களில் இந்த வார்த்தையைக் கேட்டுத் திரும்பினார். நான்காவதாகக் கிடைத்த வீட்டில் இன்று அவர்தான் சங்கச் செயலாளர். அப்படிச் சொல்லும் கட்டிடத்தில் உங்களுக்கே வீடு கிடைப்பதாக இருந்தாலும் யோசியுங்கள். இன்று சமையலைக் கேட்கிறவர்கள் நாளைக்கு உங்கள் மகள் யாரைத் திருமணம் செய்கிறாள் என்றும் கேட்பார்கள்.

ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசை. மாடி வீட்டில் முடியுமா?

முடியும். நாங்கள் கூடத்தில் மட்டும் பதித்தோம். அது சூளையில் சுடாத கல். கண்ணாடியின் மேல் சாயம் ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து எடுப்பது. பீங்கான் கல்லைவிடத் தடிமனும் எடையும் கூடுதல். பழைய தரையின் மேலேயே பதித்தால் தளத்துக்குப் பாரம் ஏறும், கதவும் முட்டும்; பழையதைப் பெயர்த்து எடுத்துவிட்டுப் பதியுங்கள். பளபளப்பு நாள் செல்லச் செல்லத் துடைக்கத் துடைக்கத்தான் வரும்.

பழைய வீட்டுத் தேக்குக் கதவு வேண்டும் என்றால் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்கும். நிலையின் அளவை முதலில் எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கதவுகள் இன்றைய நிலைக்குள் அடங்குவதில்லை.

பெரியவர்கள் பழைய வீட்டை விட்டு வர மறுக்கிறார்கள். என்ன செய்வது?

வற்புறுத்தவேண்டாம். இங்கே வீட்டில் பங்கு இருப்பதும் வீட்டில் குடியிருப்பதும் வேறு வேறு. சாமி கும்பிடவும் கல்யாணத்துக்கும் பெரிய வீட்டைத் திறந்துகொள்ளலாம். அன்றாடம் சமைத்துச் சாப்பிட மாடி வீடு போதும். இரண்டும் நடக்கிற தொலைவில் இருப்பதுதான் டவுனுக்குள் வாங்குவதன் பெரிய வசதி. மாமியாரும் முதல் ஆறு மாதம் காலையில் பழைய வீட்டுக்குப் போய் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டுத்தான் வருவார். பிறகு எங்கள் கட்டிட வாசலில் வாரத்துக்கு ஒரு வீடு என்று கோல முறை வந்தது. தன் வாரத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

பதிவு முடிந்தது. அடுத்து?

சொத்துவரி, குடிநீர், மின் இணைப்பு மூன்றையும் அந்த வாரமே உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். கூட்டுப் பட்டாவில் பெயர் சேர்க்க மனு கொடுங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டு உங்கள் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சொத்துவரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. பூட்டை மாற்றுங்கள், மொட்டைமாடிச் சாவியில் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். கீழ்வீட்டில் தொடங்கி எல்லா வீட்டுக்கும் நீங்களே போய், குடிவரும் தேதியைச் சொல்லிப் பால் காய்ச்ச அழையுங்கள்.